துணிக்கேற்ற தாங்குதாள்: இயந்திரப் பூத்தையல் பற்றிய ஒரு பாடம்



ஆண்டு விழா மலரில் மொழியின் தொன்மையும் இலக்கியத்தின் இனிமையும் பேசப்படுவது வழக்கம். இவ்வாண்டு ஒரு கைத்தொழிலைப் பற்றி எழுத முனைந்துள்ளேன். ஊரில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்த எனக்கு, இந்நாட்டில் பகல் வேலை பூத்தையல் இயந்திரங்களோடு அமைந்தது. சனிக்கிழமையில் கரும்பலகை, ஏனைய நாட்களில் ஊசியும் நூலும். ஒரு துணியின் அடியில் எந்தத் தாளை வைப்பது என்று தீர்மானிப்பதும் ஒரு விஞ்ஞானப் பாடமே என்பதை இத்தொழிலில் கண்டேன்.

எமது பெற்றோருள் சிலரது வீடுகளில் கணினியோடு இணைந்து இயங்கும் பூத்தையல் இயந்திரம் உண்டு. விளையாட்டுப் போட்டிக்கான ரீசேட்டுகளில் பாடசாலைச் சின்னத்தையும், நடன ஆடைகளில் பூங்கொடியையும், பிறந்தநாள் துவாயில் குழந்தையின் பெயரையும் அவர்களே தைத்துக் கொடுக்கின்றனர். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. அதே இயந்திரம், அதே நூல், அதே கோலம். ஒரு துணியில் சீராக அமைவது மற்றொரு துணியில் சுருங்கிப் போவது ஏன்? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடையின் பெரும் பகுதி துணியின் அடியில் இருக்கின்றது. பூத்தையலின்போது துணிக்கு ஆதாரமாக வைக்கப்படும் பொருளை ஆங்கிலத்தில் ஸ்ரபிலைசர் என்பர். இங்குள்ள கடைகளில் ஜேர்மன் மொழியில் ஸ்ரிக்ஃபிளீஸ் என்று எழுதியிருக்கும். பார்வைக்குத் தாள் போலவும் தொடுவதற்குத் துணி போலவும் இருப்பதால், இதனைத் ‘தாங்குதாள்’ என்று இக்கட்டுரையில் வழங்குவோம். ஊரில் தையற்காரர் சட்டைக் கொலருக்குள் வைக்கும் பக்ரத்தை அறிந்தவர்களுக்கு இது முற்றிலும் புதியதன்று. பக்ரம் கொலருக்கு விறைப்பைக் கொடுக்கின்றது. தாங்குதாளோ ஊசி ஏறி இறங்கும் நேரத்தில் துணி இடம்பெயராமல் காக்கின்றது.

துணி ஏன் சுருங்குகின்றது?

கையால் பூத்தைப்பவர் நூலை இழுக்கும்போது துணி சுருங்கத் தொடங்கினால், விரல் உடனே அதனை உணர்ந்து நூலைத் தளர்த்திவிடும். இயந்திரத்துக்கு அந்த உணர்வு இல்லை. வீட்டு இயந்திரம் ஒன்று நிமிடத்துக்கு 600 முதல் 1000 வரையான தையல்களை இடக்கூடியது. ஒவ்வொரு தையலிலும் மேல்நூலும் பொபின் நூலும் ஒன்றையொன்று கோத்து இறுக்குகின்றன. அவ்விறுக்கம் துணியைத் தையலின் திசையில் உள்நோக்கி இழுக்கின்றது. ஆகவேதான் கணினித் திரையில் வட்டமாகத் தெரியும் கோலம் துணியில் முட்டை வடிவம் கொள்கின்றது. ஓரக்கோடு ஒருபுறம் விலகி நிற்கின்றது.

இந்த இழுவை எத்தனை முறை நிகழ்கின்றது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். எட்டுச் சதமமீற்றர் விட்டமுள்ள வட்டச் சின்னம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 50 சதுர சதமமீற்றர். நிரப்புத் தையலில் வரிகளுக்கிடையே 0.4 மில்லிமீற்றர் இடைவெளியும், ஒவ்வொரு தையலும் 4 மில்லிமீற்றர் நீளமும் இருப்பின், ஒரு சதுர சதமமீற்றரில் 25 வரிகள், வரிக்கு இரண்டரைத் தையல், ஆக 62½ தையல்கள் விழும். முழு வட்டத்துக்கும் மூவாயிரத்துக்கு மேல். இதன்மேல் ஓரத்தையலும் எழுத்துகளும் சேரும். இத்தனை ஆயிரம் சிறு இழுவைகளையும் மெல்லிய துணி தனித்து நின்று எவ்வாறு தாங்கும்?

மாணவர்கள் இதனை வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். பழைய ரீசேட் துண்டொன்றில் பத்துச் சதமமீற்றர் நீளத்துக்கு ஓட்டத்தையல் போட்டு, நூலின் நுனியைப் பிடித்து இழுங்கள். துணி கொசுவம் போலக் கூடிவிடும். அடுத்து, அதே துணியின் அடியில் தடித்த தாளொன்றைச் சேர்த்துத் தைத்து இழுங்கள். இம்முறை துணி எளிதில் கூடாது. தாங்குதாளின் தத்துவம் முழுவதும் இச்சிறு சோதனையில் அடங்கியுள்ளது.

துணியிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

தாளைத் தெரிவு செய்வதற்கு முன் துணியைப் படிக்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

முதலாவது, துணி இழுபடுகின்றதா? நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைவாட்டிலும் இழுத்துப் பாருங்கள். பாவும் ஊடையுமாக நெய்யப்பட்ட துணி நெடுக்கிலும் குறுக்கிலும் உறுதியாக நிற்கும். மூலைவாட்டில் மட்டும் சற்று இளகும். ரீசேட், சுவெற்றர், காலுறை ஆகியவை கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டவை. அவை எத்திசையில் இழுத்தாலும் விரியும்.

இரண்டாவது, துணி ஒளியை உள்ளே விடுகின்றதா? யன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கையின் நிழல் தெரியுமாயின், அடியில் வைக்கும் தாளும் வெளியே தெரியும்.

மூன்றாவது, துணிக்கு மயிர் அல்லது வளையம் உண்டா? துவாய், வெல்வெற், குளிர்காலக் கம்பளி மேலாடை போன்றவற்றில் தையல் புதைந்துபோகும். இவற்றுக்கு அடியில் மட்டுமன்றி மேலேயும் ஒரு படலம் வேண்டும்.

நான்காவது, துணி நீரையும் சூட்டையும் பொறுக்குமா? தையலோர மடிப்பில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு துளி நீரை இட்டு உலரவிடுங்கள். கறை படிகின்றதா என்று பாருங்கள். அவ்விடத்திலேயே மின்னழுத்தியின் நுனியால் மெதுவாகத் தொட்டும் பாருங்கள்.

தாங்குதாளின் வகைகள்

கடையில் பல பெயர்களில் விற்கப்பட்டாலும், தாங்குதாள்களை ஒரு கேள்வியைக் கொண்டு வகைப்படுத்திவிடலாம். இந்தத் துணிக்கு ஆதாரம் எவ்வளவு காலம் தேவை?

தைத்து முடியும் வரை மட்டும் தேவையெனில் அது கிழிதாள். வேலை முடிந்ததும் கையால் கிழித்து அகற்றலாம். பருத்தி, லினன், டெனிம், கன்வஸ் போன்ற இறுக்கமான நெய்த துணிகளுக்கு இது பொருந்தும். அத்துணிகள் தம் வடிவத்தைத் தாமே காக்கவல்லவை. தைக்கும் நேரத்து அதிர்ச்சியைத் தாங்குவதற்கு மட்டுமே அவற்றுக்குத் துணை வேண்டும்.

ஆடை இருக்கும் வரை தேவையெனில் அது வெட்டுதாள். தைத்தபின் கோலத்தைச் சுற்றி அரைச் சதமமீற்றர் முதல் ஒரு சதமமீற்றர் வரை விட்டு, மீதியை மட்டும் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். கோலத்தின் பின்னால் உள்ள பகுதி என்றும் அங்கேயே இருக்கும். சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 50 கிராம் முதல் 85 கிராம் வரையான பாரத்தில் இவை பெரும்பாலும் கிடைக்கின்றன. இவ்வகையைச் சேர்ந்த மென்வலைத் தாள் மெல்லியது, மிருதுவானது. வெள்ளைச் சட்டையின் வெளியே தெரியாது. குழந்தையின் தோலையும் உறுத்தாது.

முதற் சலவை வரை தேவையெனில் அது கரைதாள். நீரில் இட்டதும் கரைந்து மறைந்துவிடும். துணி போன்ற தடித்த வகையும், பொலித்தீன் போன்ற மெல்லிய படல வகையும் இதில் உண்டு. முன்பின் இரு பக்கமும் தெரியும் துணிகளுக்குத் தடித்த வகையை அடியில் வைக்கலாம். மெல்லிய படலம், தையல் புதையாதிருக்கத் துணியின் மேலே விரிப்பதற்கானது.

நீரைப் பொறுக்காத துணிகளுக்கு உதிர்தாள் உண்டு. ஆவியில்லாத சூடான மின்னழுத்தி பட்டதும் இது சுருண்டு உதிரும். துணி சூட்டைப் பொறுக்குமாயின் மட்டுமே இதனைப் பயன்படுத்தலாம். நைலோன் போன்ற எளிதில் உருகும் துணிகளுக்கு இது ஆகாது.

ஒட்டுதாள் என்பது தனி வகையன்று. மேற்கூறிய தாள்கள் சிலவற்றின் ஒரு பக்கத்தில் பசை பூசப்பட்டது. வளையத்துக்குள் பிடிக்க இயலாத கொலர், காலுறை, வெல்வெற் முதலியவற்றுக்கு இது உதவும். தாளை மட்டும் வளையத்தில் பூட்டி, மேலுறையை ஊசியால் கீறி உரித்து, பசையின்மேல் துணியை மெதுவாகப் பதிக்க வேண்டும்.

முப்பது ரீசேட்டுகள்

இவ்வகைப்பாட்டை அறியாதிருப்பதால் என்ன நேரும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். தாயொருவர் வேலை முடிந்து வந்து, பல இரவுகள் விழித்திருந்து, பிள்ளைகளுக்காக முப்பது ரீசேட்டுகளில் சின்னம் தைத்துக் கொடுத்தார். கொடுத்த நாளில் அனைத்தும் அழகாக இருந்தன. மூன்றாம் சலவைக்குப் பின் சின்னத்தின் நடுப்பகுதி உப்பி, ஓரம் அலையலையாகச் சுருங்கி, எழுத்துகள் சாய்ந்து போயின. பிள்ளைகள் சிலர் மேலாடையால் அதனை மூடிக்கொண்டு மைதானத்தில் நின்றனர். தாய் தன் கைத்திறனே குறையுடையது என்று மனம் நொந்தார்.

அவரது தையலில் எக்குறையும் இருக்கவில்லை. கடையில் கொடுத்த தாள் கிழிதாள். ரீசேட்டோ இழுபடும் பின்னல் துணி. கிழிதாளை அகற்றியபின் அத்துணிக்கு எவ்வித ஆதாரமும் எஞ்சவில்லை. தலை வழியாக அணிந்து கழற்றும் ஒவ்வொரு முறையும், சலவை இயந்திரம் சுழலும் ஒவ்வொரு முறையும் துணி விரிந்து ஒடுங்கியது. தையல் நூலோ விரியாது. விரியும் ஒன்றும் விரியாத ஒன்றும் துணையின்றிப் பிணைக்கப்பட்டால், இரண்டுக்கும் இடையில் சுருக்கம் தோன்றுவது இயற்கை. மெல்லிய வெட்டுதாள் ஒன்று அடியில் இருந்திருப்பின் அந்த இரவுகள் வீண்போயிரா.

தாளின் உறையில் அது கிழித்து அகற்றுவதற்கானது என்று ஜேர்மன் மொழியில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. அதனை வாசிக்கவல்ல பிள்ளை அதே வீட்டில் அடுத்த அறையில் இருந்தது. வாசித்துச் சொல்லும்படி கேட்பதற்குத் தாய்க்கு நேரம் இருக்கவில்லை. கேளாமலே வந்து பார்க்கப் பிள்ளைக்குத் தோன்றவில்லை. மாணவர்கள் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

எத்துணிக்கு எத்தாள்?

ரீசேட், விளையாட்டுச் சட்டை: வெட்டுதாள். மெல்லிய வெளிர்நிறத் துணியெனில் மென்வலைத் தாள். சின்னம் அடர்த்தியானதாயின் மென்வலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைக்கலாம். கூர் ஊசி கண்ணியை அறுத்துத் துளை உண்டாக்கும். எனவே நுனி உருண்ட ஊசியைப் பயன்படுத்துக.

பருத்திச் சட்டை, மேசை விரிப்பு, கன்வஸ் பை: கிழிதாள் போதும். பருத்தி முதற் சலவையில் சுருங்கும் இயல்புடையது. ஆகவே தைப்பதற்கு முன்னரே நனைத்து உலர்த்தி, மின்னழுத்தியால் மடிப்பு நீக்கிக்கொள்ள வேண்டும். மெல்லிய பருத்தியில் அடர்ந்த கோலம் இடுவதாயின் வெட்டுதாளே பாதுகாப்பானது.

துவாய்: அடியில் கிழிதாள், மேலே கரையும் படலம். பெயரைத் தைத்தபின் படலத்தைக் கையால் பிய்த்து, எஞ்சியதை நீரில் கழுவிவிடலாம். மேற்படலம் இல்லாதுபோனால் எழுத்துகளின் இடையே வளையங்கள் எழுந்து பெயர் வாசிக்க முடியாதவாறு மறைந்துவிடும்.

பட்டுப் பாவாடை, பட்டுச் சட்டை: பட்டு இழுபடாதெனினும் ஊசித்துளையை மறவாது. பிரித்துத் தைத்தால் வடு நிற்கும். நீர்த்துளியும் கறை விடக்கூடும். எனவே கரைதாளைத் தவிர்த்து, மென்வலைத் தாளை அடியில் வைத்து, மெல்லிய கூர் ஊசியால், அடர்த்தி குறைந்த கோலத்தைத் தைப்பது நன்று. கிழிதாளைப் பட்டிலிருந்து பிய்க்கும் வேகத்தில் இழை விலகக்கூடும்.

சால்வை, ஓர்கன்சா, வலைத்துணி: பின்புறமும் கண்ணுக்குத் தெரிவதால், நீரைப் பொறுக்கும் துணியெனில் துணி போன்ற கரைதாளே உகந்தது. பொபினிலும் மேல்நூலின் நிறத்தையே இட்டால் இரு பக்கமும் ஒத்திருக்கும்.

வெல்வெற்: இதனை வளையத்தில் பூட்டினால் மயிர் நசுங்கி வளையத்தின் தடம் நிலைத்துவிடும். ஒட்டுதாளை வளையத்தில் பூட்டி அதன்மேல் துணியைப் பதித்து, மேலே படலம் விரித்துத் தைக்க வேண்டும். நனைக்க இயலாத வெல்வெற்றாயின் படலத்தைக் கையால் பிய்த்து, எஞ்சிய துணுக்குகளை ஈரப் பஞ்சின் நுனியால் ஒற்றி எடுக்கலாம்.

தோல்: தோலில் விழுந்த துளை ஒருபோதும் மூடாது. நெருங்கிய தையல் தபால்முத்திரையின் ஓரம் போலத் தோலை அறுத்துவிடும். வெட்டுதாளை அடியில் வைத்து, இடைவெளி கூடிய கோலத்தையே தெரிவு செய்க.

செங்காலனின் கரையும் துணி

நாம் வாழும் கிழக்குச் சுவிற்சர்லாந்துக்கும் இக்கலைக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. கையால் இயக்கும் பூத்தையல் இயந்திரத்தைப் பிரான்சின் முலூஸ் நகரில் யோசுவா ஹைல்மன் 1820களின் இறுதியில் உருவாக்கினார். அது செங்காலன் பகுதியிற் பரவி வளர்ந்தது. 1863இல் ஈசாக் குறோப்ளி, தையல் இயந்திரத்தின் இருநூல் முறையைப் பின்பற்றிப் புதிய இயந்திரம் ஒன்றை அமைத்தார். அதன் நூல்தாங்கி சிறு படகின் வடிவில் இருந்ததால் அவ்வியந்திரம் சிஃப்ளி எனப் பெயர்பெற்றது. சுவிஸ் ஜேர்மன் பேசும் எம் மாணவர்களுக்கு அச்சொல் படகைக் குறிப்பது எனச் சொல்லத் தேவையில்லை. முதலாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் பூத்தையல் சுவிற்சர்லாந்தின் மிகப் பெரிய ஏற்றுமதித் தொழிலாக விளங்கியது. போரின் பின் பெரிதும் சரிந்த அத்தொழில் இன்றும் அங்கு உயிரோடிருக்கின்றது.

எமது பாடத்துக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. 1880களில் இத்தொழிலில் ஒரு புதுமை தோன்றியது. பட்டுத் துணியின்மேல் பருத்தி நூலால் பூத்தைத்து, பின்னர் அதனை இரசாயனக் கரைசலில் இட்டனர். அடித்துணி கரைந்தது; பருத்தித் தையல் மட்டும் பின்னற்சரிகை போல எஞ்சியது. இதன் காரணத்தை மாணவர்கள் விஞ்ஞான பாடத்தில் படித்திருப்பீர்கள். பட்டு, எமது தலைமயிரைப் போல, புரதத்தால் ஆனது. பருத்தி செலுலோசால் ஆனது. காரக் கரைசல் புரதத்தை அரிக்கும். செலுலோசை அவ்வாறு அரிப்பதில்லை. வீட்டில் ஒருபோதும் செய்து பார்க்கக்கூடாத சோதனை இது.

அந்தக் கரையும் பட்டின் வழித்தோன்றலே இன்று நாம் பயன்படுத்தும் கரைதாள். இது பெரும்பாலும் பொலிவைனைல் அற்ககோல் என்னும் பொருளால் ஆனது. 1924இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் இருவர் இதனை முதன்முதலில் ஆக்கினர். இதற்கு அமிலமும் வேண்டியதில்லை, காரமும் வேண்டியதில்லை. வெறும் நீரே போதும். அன்று தொழிற்சாலையில் மட்டும் நிகழ்ந்தது இன்று எமது சமையலறைத் தொட்டியில் நிகழ்கின்றது.

செய்முறையிற் கவனிக்க வேண்டியவை

தாளைச் சரியாகத் தெரிவு செய்தபின்னும் தவறாகப் பூட்டினால் பயன் குறையும். பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்க.

1. ஒட்டுதாளைத் தவிர்ந்த ஏனைய தாள்களைத் துணியோடு சேர்த்து வளையத்தில் பூட்டுக. கோலத்தின் கீழ் மட்டும் சிறு துண்டைச் செருகினால் அது நகர்ந்துவிடும். வளையத்தின் நாற்புறமும் சுமார் இரண்டு சதமமீற்றர் வெளியே நீளுமாறு தாளை வெட்டுக.

2. துணி தட்டையாக இருக்க வேண்டும், இழுக்கப்பட்டிருக்கக் கூடாது. ரீசேட்டை மத்தளத் தோல் போல இழுத்துப் பூட்டினால், வளையத்தைக் கழற்றியதும் துணி தன் பழைய அளவுக்குத் திரும்பிச் சுருக்கத்தை உண்டாக்கும்.

3. தாளையும் இரு திசையிலும் இழுத்துப் பாருங்கள். சில தாள்கள் ஒரு திசையில் இளகுவன. துணி எத்திசையில் விரிகின்றதோ அத்திசையில் தாளின் உறுதியான பக்கம் அமைய வேண்டும்.

4. கிழிதாளை அகற்றும்போது தையலின்மேல் பெருவிரலை ஊன்றிக்கொண்டு, மறுகையால் சிறிது சிறிதாகக் கிழிக்க. இரு அடுக்கு இருப்பின் ஒவ்வொன்றாக அகற்றுக. வெட்டுதாளை வெட்டும்போது துணியைக் கீழே தொங்கவிட்டுத் தாளை மேலே தூக்கிப் பிடிக்க. துணியில் கத்தரி படாதிருக்கும்.

5. கரைதாள் காற்றின் ஈரத்தில் பிசுபிசுக்கும்; வறண்ட அறையில் நொறுங்கும். எனவே இறுக மூடிய பையில் வைக்க.

6. உறையிலிருந்து எடுத்தபின் தாள்கள் யாவும் வெண்மையாகவே தெரியும். வெட்டிய துண்டுகளின் மூலையில் பெயரைப் பென்சிலால் எழுதி வைக்க. பெயர் மறந்துபோன துண்டின் மூலையில் ஒரு துளி நீர் விட்டால் கரைதாளா அன்றா என்பது தெரிந்துவிடும்.

7. செலவைக் குறைக்கப் பழைய பத்திரிகைத் தாளை அடியில் வைப்போர் உளர். அதன் மை வெளிர்நிறத் துணியில் ஒட்டும். தையலிடையே கிழிந்து ஆதாரம் அற்றுப்போகும். எஞ்சிய தாங்குதாள் துண்டுகளைச் சேமித்துச் சிறு எழுத்து வேலைகளுக்குப் பயன்படுத்துவதே உண்மையான சிக்கனம்.

8. எல்லாவற்றிலும் மேலானது, முதலில் அதே வகைத் துணித்துண்டில் தைத்து, ஒருமுறை கழுவி உலர்த்திப் பார்த்தல். முப்பது ஆடைகளைத் தைக்குமுன் ஒரு துண்டைத் தைப்பது நேர விரயமன்று.

பயிற்சி வினாக்கள்

1. விட்டம் 6 சதமமீற்றர் உள்ள வட்டச் சின்னத்தை, மேலே கூறிய அளவுகளின்படி நிரப்ப ஏறத்தாழ எத்தனை தையல்கள் தேவை?

2. டெனிம் காற்சட்டையின் பைக்கும், நன்கு விரியும் காலுறைக்கும் ஒரே தாளைப் பயன்படுத்தலாமா? காரணம் தருக.

3. மழைச்சட்டையில் பெயர் தைக்க ஒருவர் விரும்புகின்றார். ஊசித்துளைகளால் அச்சட்டையின் பயனுக்கு என்ன நேரும்? அவருக்கு நீங்கள் கூறும் ஆலோசனை யாது?

4. உங்கள் வீட்டு அலுமாரியிலிருந்து ஐந்து ஆடைகளை எடுத்து, நான்கு கேள்விகளையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான தாளை அட்டவணைப்படுத்துக. அட்டவணையைப் பெற்றோரிடம் காட்டி அவர்களது கருத்தையும் எழுதுக.

அருஞ்சொற்கள்

பாவு: நெசவில் நெடுக்காக ஓடும் இழை.
ஊடை: பாவின் ஊடே குறுக்காகச் செல்லும் இழை.
கண்ணி: பின்னலில் நூல் வளைந்து கோக்கும் வளையம்.
மூலைவாட்டு: நெடுக்கும் குறுக்கும் அல்லாத சாய்வுத் திசை.
கொசுவம்: துணியை மடித்து மடித்துச் சேர்த்த அடுக்கு.

முடிவுரை

துணியின் இயல்பை அறிந்து, அதற்கு எவ்வளவு காலம் ஆதாரம் வேண்டுமோ அவ்வளவு காலம் நிற்கும் தாளைக் கொடுப்பதே இப்பாடத்தின் சாரம். உறுதியான துணிக்குக் கிழிதாள். விரியும் துணிக்கு வெட்டுதாள். இரு பக்கமும் தெரியும் துணிக்குக் கரைதாள். ஏனையவை இம்மூன்றின் விரிவே.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வேலையை நள்ளிரவில் தனித்திருந்து செய்யாதீர்கள். பிள்ளையை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். உறையில் உள்ள ஜேர்மன் குறிப்பை வாசிக்கவும், கணினியில் கோலத்தின் அளவைத் திருத்தவும் அவர்களால் இயலும். துணியைத் தொட்டதும் அது பருத்தியா, பட்டா, கலப்பா என்று கூற உங்களால் இயலும். அவர்கள் அறிந்தது உங்களுக்கும், நீங்கள் அறிந்தது அவர்களுக்கும் வேண்டியதாயிருக்கின்றது. பாவு, ஊடை, கண்ணி, கொசுவம் என்ற சொற்களைப் பாடநூலில் படித்து மனனம் செய்யும் பிள்ளை மறுவாரம் மறந்துவிடும். தாயின் கையிலுள்ள துணியைத் தொட்டுக்கொண்டே கேட்ட சொல் எளிதில் மறவாது. வாரத்தில் மூன்று மணிநேரம் மட்டும் நடைபெறும் பாடசாலையால் கொடுக்க இயலாத தமிழ் அது.

மாணவர்களே, அடுத்த விளையாட்டுப் போட்டிக்கு முன் உங்கள் வீட்டில் இயந்திரம் இயங்கும் ஒலி கேட்டால், அவ்வறைக்குச் சென்று, அடியில் என்ன தாள் வைக்கப்பட்டுள்ளது என்று கேளுங்கள்.